மேசைத் தூக்கம்

யூசின்: தூங்கிட்டியா போஹான்?

போஹான்: ஆமா, தூங்கிட்டேன்.

யூசின்: தூங்கறவன் பதில் சொல்வானா?

போஹான்: மத்தியானத் தூக்க நேரத்துல பேசினா கிளாஸ் லீடர் நம்ம ரெண்டு பேர் பேரையும் போர்டுல எழுதிடுவா. கண்ணை மூடு.

யூசின்: அவளே சாப்பிட்டுப் பல்லு தேச்சுட்டு வந்து இப்பதான் மேசையில தலையைச் சாய்ச்சா. வாய் திறந்திருக்கு, பாரு. ஜாக்கெட்டை இழுத்துத் தலையோட போத்திக்க, யாருக்கும் கேக்காது.

போஹான்: ...உள்ள எல்லாமே நீலமா இருக்கு. தண்ணிக்குள்ள படுத்த மாதிரி.

யூசின்: என்னுது மஞ்சள். நான் முட்டைக்குள்ள இருக்கேன்.

போஹான்: அப்ப குஞ்சு மாதிரி கத்தாம கிட.

யூசின்: சரி... யோசிச்சியா? மணி அடிச்சதும் நீ ஹக்கா பாஷை வகுப்புக்குப் போயிடுவ, நான் வியட்நாம் பாஷை வகுப்புக்கு. அங்க டீச்சரும் நானும் மட்டும்தான். இன்னைக்குள்ள இன்னொரு ஆள் சேரலைன்னா வகுப்பையே எடுத்துடுவாங்களாம்.

போஹான்: நீயும் ஹக்காவுக்கே வந்துடேன். உங்க வீட்டுல எல்லாரும் அதானே பேசறாங்க.

யூசின்: வீட்டுல பேசறதுக்கு வகுப்பு எதுக்கு?

போஹான்: அதுக்காக வியட்நாம் பாஷையா? உங்க பரம்பரையில எவனாவது அந்தப் பக்கம் போயிருக்கானா?

யூசின்: டீச்சர் தேங்காய் மிட்டாய் தருவாங்க.

போஹான்: பொய். மிட்டாய் தின்னா உனக்குப் பல்லு வலிக்கும்.

யூசின்: ...நீ ஏன் வரமாட்டேங்கிற? அதைச் சொல்லு முதல்ல.

போஹான்: அப்பா விடமாட்டார். தைவான்ல பொறந்தவனுக்கு அந்தப் பாஷை எதுக்கும்பார். டிவியில கேட்டாக்கூட அணைச்சுடுவார்.

யூசின்: ஏனாம்?

போஹான்: தூக்கம் வருது.

யூசின்: ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் தின்னா வராதா? ஏன்னு கேட்டியா அவர்கிட்ட?

போஹான்: தூக்கம் வருதுங்கறேன்ல... கண்ணை மூடினா போதும், ஆறு வந்துடுது.

யூசின்: எந்த ஆறு?

போஹான்: பழுப்புத் தண்ணி. படகுல பூசணி, அன்னாசி எல்லாம் வச்சு விப்பாங்க. நான் ஒருத்தங்க மடியில படுத்திருப்பேன்... படகு ஆடிட்டே இருக்கும். அவங்க முகம் தெரியாது. தொப்பியோட நிழல் விழுந்துடும்.

யூசின்: என் கனவுல எப்பவும் கணக்குப் பரீட்சைதான். உன்னுது நல்லாருக்கு.

போஹான்: நல்லால்லாம் இல்லை. நிமிந்து முகத்தைப் பாக்கறதுக்குள்ள மணி அடிச்சுடும்.

யூசின்: போஹான்... ஒண்ணு சொல்றேன், சரியா இருக்கான்னு கேளு. சிரிக்கக் கூடாது. மா ஓய், வே தி. ஏய், சிரிக்கிற.

போஹான்: இல்லை.

யூசின்: 'அம்மா, வீட்டுக்கு வா'ன்னு அர்த்தம்.

போஹான்: தெரியும்.

யூசின்: எப்படி?

போஹான்: நீ சட்டுனு முடிச்சுட்ட. இழுக்கணும். மா ஓ...ய். தூரத்துல இருக்கறவங்களைக் கூப்பிடறதில்லையா, அப்படி.

யூசின்: மா ஓ...ய்.

போஹான்: ம். இன்னொரு தடவை சொல்லு.

யூசின்: மா ஓ...ய். அழறியா?

போஹான்: கொட்டாவி... எங்கம்மா ஊர் வியட்நாம்லதான். திரும்பிப் போய் ரெண்டு வருஷமாச்சு. இங்க யார்கிட்டயும் நான் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே.

யூசின்: சொல்லமாட்டேன்.

போஹான்: அப்பா இல்லாதப்ப போன் பண்ணுவாங்க. அவங்களுக்கு நம்ம பாஷை மறந்துட்டு வருது. எனக்கு அவங்க பாஷை மறந்துட்டு வருது. போன வாரம் 'சாப்டியா', 'சாப்டேன்'... அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுட்டு இருந்தோம். பயமா இருந்துச்சு யூசின். அடுத்த தடவை அந்த ரெண்டு வார்த்தையும் போயிடுமோன்னு.

யூசின்: அப்ப வா.

போஹான்: அப்பா...

யூசின்: கோவப்படுவார். அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவார். எங்கப்பாவும் அப்படித்தான்.

போஹான்: உங்கப்பா வேற... ஸ்பீக்கர்ல மணிப் பாட்டு ஆரம்பிச்சுடுச்சு. எல்லாரும் எந்திரிக்கறாங்க.

யூசின்: ஜாக்கெட்டை எடுக்காதே. வர்றியா, இல்லையா?

போஹான்: வர்றேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்... திட்டினா திட்டட்டும். ஆனா உன்னை ஒண்ணு கேக்கணும். உங்க டீச்சர் ஹனோய்க்காரங்கதானே? அந்த வடக்குப் பக்கம் அம்மாவை 'மே'ன்னுதான் கூப்பிடுவாங்க, எங்கம்மா சொல்லியிருக்காங்க. 'மா'ன்னு கூப்பிடறது தெற்கே, எங்கம்மா ஊர்ப் பக்கம். உனக்கு அதை யாரு சொல்லிக் குடுத்தா?

யூசின்: நீதான். போன வருஷம் பூரா பக்கத்து மேசையில தூங்கிட்டே அதைத்தான் சொல்லிட்டிருந்த. என்னன்னு புரியாம எனக்குத் தூக்கமே வரலை... அதுக்குத்தான்டா அந்த வகுப்புல சேந்தேன்.