ஒரு சின்ன வேலை பாக்கி

பைக்கைச் சர்வீசுக்கு விட்டிருப்பீர்கள். சாயங்காலம் போய்க் கேட்டால், டிரையல் பார்க்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்பார்கள். அந்த டிரையலில் மெக்கானிக் வீட்டுக்கு அரிசி மூட்டை போகும், அவர் பெண்டாட்டி தையல் கடைக்குப் போய் வருவார், கறிக்கடைக்கும் ஒரு நடை ஆகும். இதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. ஓட்டிப் பார்க்காமல் வண்டியை எப்படி ஒப்படைப்பது? ஏட்டய்யா இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

என் பெயர் செல்வமுருகன். பழனி ஆயக்குடி சாலையில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடத் தொழில். நான் கட்டிய பாடியில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்கியதாக யாரும் வந்து நின்றதில்லை.

போன ஆடி மாதம் கொடைக்கானலிலிருந்து பஷீர் அகமது பாய் வந்தார். பஜாரில் ஸ்வெட்டரும் தைலமும் விற்றவர். கடையை மகள் ஜஹீராவிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்தார். மலைத்தடத்தில் ஓடிப் பழசாகி, கம்பெனிக்காரர்கள் கழித்துவிட்ட ஒரு குட்டை பஸ்ஸை ஏலத்தில் எடுத்திருந்தார். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து வீடாக்கித் தர வேண்டும் என்றார்.

எல்லாம் அவர் மனைவி மரியம் பீவிக்காக. அந்த அம்மா பண்ணைக்காட்டில் பிறந்து கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டவர். மலையை விட்டு இறங்கினால் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து, மாத்திரை விழுங்கி, சீட்டில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்து எல்லாம் பார்த்தாயிற்று. ஒருமுறை குடல்வால் வலி வந்து ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனபோதுதான் விஷயம் தெரிந்தது. படுத்துக்கொண்டு போனால் அவருக்கு வாந்தி வருவதில்லை. வலியில் முனகிக்கொண்டே, "ஏங்க, இன்னிக்கு வாந்தியே வரலைங்க" என்று சந்தோஷப்பட்டாராம். பாய் இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அறுபது வயதாகியும் அந்த அம்மா கடலைப் பார்த்ததில்லை. இப்போது அதற்கு அவசரம் வந்துவிட்டது. கண் நரம்பு சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது, தை வரைக்கும் பார்வை இருந்தால் பெரிய காரியம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அவ படுத்துக்கிட்டே கடலப் பாக்கணும், செல்வம். தலமாட்டுல பெரிய ஜன்னலா ஒண்ணு வச்சிரு. ஐப்பசிக்குள்ள குடுத்தாப் போதும்" என்றார் பாய்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து, கண் மட்டத்தை அளந்து ஜன்னல் வெட்டினேன். அடுப்புக்கு மேலே புகைபோக்கி, குளிக்க வெந்நீர், முழங்கால் வலிக்காரர்களும் உட்காரும்படி கழிப்பறை. பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். பிறகு டிரையல் பார்க்க வேண்டும் அல்லவா?

முதலில் கட்டில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தேன். கிரீச் என்ற சத்தமே இல்லை. ஆனால் அது இரண்டு பேர் படுக்கும் கட்டில். ஒருவன் படுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்று என் மனைவி சண்முகவள்ளியைக் கூப்பிட்டேன். அடுத்தது அடுப்பு. டீ போட்டால் அடுப்பு எரிகிறது என்று மட்டும்தான் தெரியும். புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று தெரிய மீன் வறுக்க வேண்டும். வறுத்தோம். கழிப்பறையைச் சோதிக்க உண்மையிலேயே முழங்கால் வலி உள்ள ஒருவர் தேவைப்பட்டார். என் மாமியார் இருளாயி ஒரு வாரத்துக்கு வந்தார். பதினெட்டு நாள் இருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் எதிலும் குறை சொல்லாமல் இருந்தது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

பாய் மாதம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வருவார். வெறுங்கையோடு வரமாட்டார், பேரிக்காயோ பிளம்ஸோ ஒரு பை நிறைய இருக்கும். இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது பாய் என்பேன். அது பொய் இல்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. அதனாலேயே சமையல் அலமாரியில் ஒரு கைப்பிடியை மாட்டாமல் வைத்திருந்தேன். அது என் சட்டைப் பையில் இருக்கும். அவர் கேட்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அவரும் அடித்துப் பேசத் தெரியாதவர். "அவசரம் ஒண்ணும் இல்ல, வெரசா முடிஞ்சா நல்லது" என்பார். போகிற போக்கில் வீட்டு விஷயமும் சொல்வார். கார்த்திகையில் வந்தபோது, மரியம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். மார்கழியில், அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்றார். தை பிறந்ததும், வாசலில் வந்து நிற்கிற ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள் என்றார். எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த மாதங்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. மலை ஏறுமா என்று பார்க்க ஆடலூருக்கு ஒரு காது குத்துக்குப் போனோம். பாரம் தாங்குமா என்பதும் தெரிய வேண்டியிருந்ததால் பதினான்கு பேர் போனோம். வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு இருந்த பெருமையில் அது என் வண்டி இல்லை என்ற நினைப்பே வரவில்லை.

ஒன்றுதான் மிச்சம் இருந்தது. உப்புக்காற்று. கடலுக்குப் போகப் போகிற வண்டி அது. ஸ்க்ரூ துருப்பிடித்து, ஜன்னல் இறுகிக்கொண்டு, அந்த அம்மா பார்க்க முடியாமல் போனால் அந்தப் பழி யாரைச் சேரும்? அதனால் தை கடைசியில் ராமேஸ்வரம் போனோம். நான், சண்முகவள்ளி, மாமியார். ஆறு நாள் திட்டம். கரையோரமாக வண்டியை நிறுத்தி, சண்முகவள்ளியைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். ஜன்னலுக்குள் கடல் கனகச்சிதமாக உட்கார்ந்தது. மேலே கொஞ்சம் வானம், கீழே கொஞ்சம் மணல், நடுவில் முழுக்கத் தண்ணீர். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"இது யாருக்குச் செஞ்சதுன்னு நெனப்பு இருக்கா ஒங்களுக்கு?"

டிரையல்தானே என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. மாமியார் படுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் பாய் கூப்பிட்டார். அலையடிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏன் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று கேட்டார். கம்ப்ரசர் ஓடுகிறது பாய் என்றேன். பொய் சொல்வதில்லை என்று சற்று முன்னால் சொன்னேன். இது ஒன்று விதிவிலக்கு.

"மரியத்துக்கு இன்னிக்கு வெள்ளனே எந்திரிச்சதுல இருந்து என் மொகம் தெரியல, செல்வம்" என்றார். "வெளிச்சம் மட்டும் தெரியுதுங்குறா."

ஒரு வாரத்தில் வண்டி வந்துவிடும், ஒரு சின்ன வேலைதான் பாக்கி என்று தைரியம் சொன்னேன். திட்டப்படி இன்னும் இரண்டு நாள் இருந்தது. இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஊர் திரும்பியதும் கைப்பிடியை மாட்டினேன். நான்கு நிமிட வேலை. வண்டியைக் கழுவித் துடைத்து, வாசலில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, நானே கொடைக்கானலுக்கு ஓட்டிப்போய் ஒப்படைத்தேன். முதல் பயணத்துக்கு நானே ஓட்டுகிறேன் என்றும் சொன்னேன். அதற்கென்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை, விசாரித்துக்கொள்ளலாம். ஜஹீரா வேண்டாம் என்றார். ஆனால் அந்த அம்மாவுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. பாய் கைத்தாங்கலாக ஏற்றிக் கட்டிலில் படுக்க வைத்தார். மலை முழுக்க இறங்கினோம். ஒரு தடவைகூட வாந்தி வரவில்லை. பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து, இது பெருமாள்மலை, இது ஊத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

வத்தலக்குண்டு தாண்டியதும் பின்னாலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார். சாலையோரம் நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். கண் போனவர்களுக்கு விரல்தான் கண். கட்டிலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். மெத்தைக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணல். அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கிளிஞ்சல்.

"தம்பி, இந்த வண்டி கடலுக்குப் போயிட்டு வந்திருச்சா?"

மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. டிரையலுக்குப் போனது அம்மா, தையில், என்றேன். பாய் என்னையே பார்த்தார். அந்த அம்மா கிளிஞ்சலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

ஜன்னல் உயரம் சரியாக இருந்தது அம்மா என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று பாய் அழுதபோதுதான் புரிந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னார் பாய். "வேணாங்க. சத்தமாச்சும் கேப்போம். ஓட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஓட்டினேன்.

ஜஹீரா கொடுத்த புகாரில், தாமதமாக முடித்தேன் என்று எழுதியிருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், என் தொழிலுக்கு அது இழுக்கு. வண்டி ஐப்பசி ஏழாம் தேதியே முடிந்துவிட்டது, அந்த அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த காலம் அது. மற்றதெல்லாம் நடந்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். தப்பு என்று பார்த்தால் என் பக்கம் ஒன்று இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை: ஒப்படைப்பதற்கு முன்னால் மெத்தையைத் தூக்கிப் பெருக்கியிருக்க வேண்டும்.