கிரீடம் கட்டினவன் வார்த்தை

— கண்ணாடிய கொஞ்சம் தூக்கிப் புடி, கலைவாணி. மீசை கோணுது.

— கோணட்டும். நேத்து கூத்துல, ஊரே பாக்க, உன் தம்பிக்கு உத்யோகத்தத் தூக்கிக் குடுத்தியே, அத விடவா இது கோணல்?

— தமிழ்செல்வன் கேட்டான். குடுத்தேன். சென்னைல ஓட்டல்ல எல எடுத்துக்கினு கீறான், பாவம்.

— நம்ப நெலத்த எடுத்துக்கினு, வீட்டுக்கு ஒரு உத்யோகம்னு நாயுடுபேட்ட கம்பெனில குடுத்தாங்க. கிருஷ்ணப்பான்னு உன் பேர் போட்டு வந்த காகிதம்யா அது. நெலமும் இல்ல, இனிமே அதுவும் இல்ல. திருப்பதி காலேஜில பொண்ண எப்டி படிக்க வெப்ப?

— கூலிக்குப் போறேன். ராஜா கட்டினவன்கிட்ட யாரு இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்றதில்லமே. எங்க நைனா கட்டின காலத்துலேர்ந்து அதான் வழக்கம்.

— ஜனங்க வாழப்பழம் கேக்கும், துன்னூறு கேக்கும். உத்யோகம் எவனாச்சும் கேட்டானா? திருநாளுக்கு வந்த உன் தம்பி காலைல நம்ப வீட்டுலதான துன்னான்? அப்போ கேக்கல. நீ கிரீடம் கட்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தான்.

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— மேடகிட்ட வரும்போதே அவன் மூஞ்சில தெரிஞ்சிது.

— தெரிஞ்சுமா குடுத்த?

— கதையில மட்டும் இன்னா? வாளக் கேட்டு வர்ற பிச்சக்காரன் எதிரியோட ஆளுன்னு ராஜாவுக்குத் தெரியும். வாளு போனா விடிஞ்சா சாவுன்னும் தெரியும். அப்பவும் குடுக்கறான் பாரு, அங்கதான்மே அவன் ராஜா.

— பாகாலா திருநாள்ல நீ அந்த வாள நீட்டினதப் பாத்து அழுதவ நான். அன்னிக்கே வீட்டுல சொல்லிட்டேன், கட்டினா இவனத்தான்னு. உன்ன மாதிரி மனுசன் இந்தச் சுத்துப்பட்டுல இல்ல, எங்க வேணா சொல்லுவேன். ஆனா உன் ராஜாவுக்கு ஒரு குறை கீதுயா.

— இன்னா குறை?

— சாவுக்குப் பயப்படாதவன், இல்லன்னு சொல்றதுக்குப் பயப்படறான். சொல்லிட்டா நாலு பேர் முன்னால சின்னவனாயிடுவோம்னு பயம். உனக்கும் அதேதான்.

— இருக்கும்.

— திங்கக்கெழமதான எம்மார்வோ ஆபீஸ்ல, தாசில்தார் முன்னால, உத்யோகத்த அவன் பேருக்கு மாத்தக் கையெழுத்து? அதுக்குள்ள தம்பியக் கூப்ட்டு, முடியாதுன்னு சொல்லிடு.

— ஆவாதுமே. இந்தக் கயித்தப் பின்னால இழுத்துக் கட்டு.

— கட்டிட்டேன். கிரீடம் நிக்குதா?

— நிக்குது.

— அப்போ நானும் கேக்கறேன்.

— உத்யோகத்தக் கேக்காத. குடுத்ததத் திருப்பி வாங்க மாட்டேன்.

— அது வேணாம். இந்த வேஷத்தக் குடு. இனிமே எந்த ஊருலயும் நீ ராஜா கட்டக்கூடாது.

— கலைவாணி.

— இருவது வருசமா உன் உசுரே இதுலதான் கீது. தெரிஞ்சேதான் கேக்கறேன்.

— மத்தளம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. இன்னிக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டு நானே கழட்டித் தர்றேன். அதோட இது உன்னுது.

— யோவ், இதுக்காச்சும் நீ இல்லன்னு சொல்லுவன்னுதான்யா கேட்டேன்.