பின்சக்கரத்துக்கு எத்தினி பவுண்டு

இல்லீங்கண்ணா, முப்பது வேணாம். அந்த பைப்ப கொஞ்சம் கீழ வைங்க. முன்சக்கரத்துக்கு நீங்க சொல்றதுதான், அத வுடுங்க. நான் கேக்கறது பின்சக்கரம். இன்னிக்கு கழனியில டிராக்டர எறக்கி சேத்து ஒழவு, நாளிக்கு மலைக்குப் போயி மரவள்ளி ஏத்திக்கினு சின்னசேலம் எறங்கணும். ரெண்டுக்கும் ஒரே காத்து போதுமா? இத ஒருத்தராவது ஒழுங்கா சொல்லியிருந்தா நான் ஏன் இப்பிடி அலையறேன்.

எங்க கொழுந்தனாரு எப்பவும் பன்னெண்டு பவுண்டு போதும்ன்றாரு. கரும்பு லோடு ஓட்டற கொளஞ்சியப்பன், இருவத்தஞ்சுக்கு கொறையவே கூடாதுன்றான். வண்டியோட குடுத்த பொஸ்தகம் முழுக்க இங்கிலீஷு. அத எடுத்துக்கினு போயி ஒரு கடையில கேட்டா, வூட்ல ஆம்பளைய அனுப்பும்மான்றாங்க. ஆம்பள கால்ல கம்பி வெச்சு மூணு மாசமா கட்டில்ல கெடக்கறாரு. எங்கேந்து அனுப்பறது?

போன வாரம் பெரியம்மா ஒருத்தங்க கழனிய ஓட்டப் போனேன். காத்து ஜாஸ்தியா இருந்திருக்குது. சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது. டீசல் குடிக்குதே தவிர வண்டி நவுரல. வரப்புல நாலு பேரு நின்னுக்கினு சிரிக்கறானுங்க. பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்னான் ஒருத்தன். அவன் ஏறி ஒக்காந்தாலும் அதேதான் சுத்தியிருக்கும். சொன்னா எவன் நம்பறான்?

ம். ஆமா. சேத்துக்கு எறக்கணும், லோடுக்கு ஏத்தணும். ஒவ்வொரு தபாவுமா? சரி. சேத்துக்கு பன்னெண்டு, லோடுக்கு இருவது, ரெண்டு பக்கமும் சமமா. டயருல போட்டிருக்கற அளவ தாண்டக் கூடாது. இவ்ளோதானா? இதுக்குத்தான் அத்தினி பேரும் என்னைய போட்டு கொழப்புனாங்க.

டீ வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன். இன்னாங்க, கடையில ஒரு வண்டியும் காணோம்? முன்னெல்லாம் இந்தப் பக்கம் பஸ்ஸுல போனா ரோடு வரிக்கும் வண்டி நிக்கும்.

தெரியும்ண்ணா. யாரு சொல்லி வராம போனாங்கன்னு தெரியும். எங்க வூட்டுக்காரருதான். ஆமா, நான் மாயவன் சம்சாரம். வண்டிய பாத்ததும் கண்டுபுடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன். பெயிண்ட் அடிச்சிட்டோம் இல்ல, தெரியல போல. எழுந்திரிக்காதீங்க. சண்டைக்கு வரல.

பாக்க வர்றவங்க அத்தினி பேருகிட்டயும் உங்களைத்தான் சொல்றாரு. புஞ்சர் கடைக்காரன் காத்த ஒழுங்கா வெக்கல, அதான் வளைவுல வண்டி சாஞ்சுது, என் காலு போச்சுன்னு. நானும் பக்கத்துலயே ஒக்காந்து கேட்டுக்கினு இருக்கேன்.

எங்கண்ணன்கிட்ட வண்டி ஓட்ட கத்துக்கினேன், எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாம. ரெண்டு தபா அவருகிட்டயே கேட்டேன், சொல்லிக் குடுன்னு. சமையக்கட்ட பாருன்னாரு. நீங்க இருவது வெச்சு அனுப்பிச்ச மறுநாளு காலையில, அவரு லோடு பேசறதுக்கு தியாகதுருகம் போயிருந்தாரு. வண்டி சும்மாதான் நின்னுக்கினு இருந்துச்சு. எங்கண்ணன் கழனியில தண்ணி கட்டியிருந்துச்சு. ஒரு வாட்டி தனியா ஓட்டிப் பாத்துடலாம்னு எறக்குனேன். சக்கரம் சுத்துது, போவல. காத்து புடிக்கற மௌத்துல குச்சிய வெச்சு அமுக்கி காத்த எறக்குனேன். ரெண்டு பக்கமும். மீட்டரா இருந்துச்சு? கண் அளவுதான்.

அப்பறம் ஓடுச்சு பாருங்க. எவ்ளோ நல்லா ஓடுச்சு.

சேறெல்லாம் போவ கழுவி, நின்ன எடத்துலயே வெச்சிட்டேன். அவரு வந்தாரு, அவசரம், டிப்பர் பொட்டிய பின்னால மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. காத்து கம்மியா இருக்குதுன்னு சொல்ல வாயெடுத்தேங்க. சொன்னா, உனுக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாரு. முழுங்கிட்டேன். மலையிலேந்து கெழங்கு லோடோட எறங்கறப்ப, டயரு ரிம்முல வழுக்கி, மௌத்து புட்டுக்கினு, ஓரத்துப் பள்ளத்துல சாஞ்சிருக்குது.

அவரு கீழ வுழுந்ததுலேந்து வண்டிய நான்தான் ஓட்டறேன். வேற வழியில்லன்னு அவரே சாவிய குடுத்தாரு. அதையும் வாங்கிக்கினு பேசாம இருந்தேன் பாருங்க, அதான் எனுக்கு தாங்கல.

இன்னிக்கு காலையில சொல்லிட்டேன். கஞ்சி குடிச்சிக்கினு இருந்தவரு கிண்ணத்த கீழ வெச்சிட்டாரு. எத்தினி எறக்குனன்னு கேட்டாரு. தெரியலன்னேன். மூஞ்ச செவுத்துப் பக்கம் திருப்பிக்கினாரு. காத்து புடிச்சிக்கினு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். எந்தக் கடைன்னு கேக்கல.

அவரு வாயால எப்ப சொல்லுவாரோ தெரியாதுண்ணா. அதுவரிக்கும் நீங்க காத்துக்கினு இருக்க வேணாம். இனிமே எவனாவது கேட்டா, மாயவன் பொண்டாட்டின்னு சொல்லாதீங்க, எம் பேரு செந்தமிழ்ச்செல்வி. அவதான் காத்த எறக்குனா, அவளே வந்து சொன்னான்னு சொல்லுங்க.