மருந்தும் உப்பு நீரும்

இந்த நாற்காலி ஆடுகிறது, ஐயா. ஒரு அட்டையை மடித்து இந்தப் பக்கத்துக் காலுக்கு அடியில் கொடுத்தால் நின்றுவிடும். இருங்கள், நானே செய்துவிடுகிறேன். குறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. தம்பி அதைச் சொல்லியே கேலி செய்வான். "எமனே வந்து நின்னாலும், 'இருப்பா, எருமைக் கயிறு சரியாக் கட்டலை'ன்னு அவனையே திருப்பி அனுப்பிடுவா எங்க அக்கா" என்பான்.

இப்போது சரியாக நிற்கிறது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் நோய் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு காய்ச்சல். மழைக்காலத்தில் வரும், கொஞ்ச நாளில் தானே விட்டுவிடும். அப்பாடா என்று பெற்றவர்கள் மூச்சு விடுகிற நேரத்தில் பிள்ளையின் இதயம் வீங்க ஆரம்பிக்கும். பாதிப் பிள்ளைகள் தேற மாட்டார்கள். காய்ச்சலைக் கொடுத்த கிருமி இதயத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்று எல்லா டாக்டர்களும் நம்பினார்கள். கிருமியைக் கொல்கிற மருந்தாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்காரி. ஊசி மருந்து செய்வது, எலிகளை வளர்ப்பது, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கழுத்தை ஒடித்துக்கொள்வது, இதுதான் என் பிழைப்பு. இறந்த பிள்ளைகளின் இதயத் துணுக்குகளை மெல்லிசாகச் சீவி வருடக்கணக்கில் பார்த்தேன். ஒன்றில்கூடக் கிருமி இல்லை. இருந்ததெல்லாம் கிருமியை விரட்ட உடம்பே அனுப்பிய காவல் அணுக்கள். வந்த வேலை முடிந்த பிறகும் அவை வீட்டுக்குப் போகாமல், சொந்த இதயத்தையே தின்றுகொண்டிருந்தன. அன்று மாலை சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டே தம்பியிடம் சொன்னேன். "வேற ஒண்ணுமில்லடா, வேலியே பயிரை மேயுது."

அவன் பிள்ளைகள் மருத்துவர். கையில் துண்டுடன் அப்படியே நின்றுவிட்டான். "இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றான். சொன்னேன்.

எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டார்கள். அவன் அப்போது பல் விழுந்து முளைக்காத பையன். தலை வாரிவிட்டது, பாடம் சொல்லிக்கொடுத்தது, வெள்ளைக் கோட்டு போட்டு அழகு பார்த்தது எல்லாம் நான்தான். அவன் மனைவி நல்ல பெண். அவள் வந்த பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அதனால், அவனிடம் சொல்வது வேறு, எனக்கு நானே சொல்லிக்கொள்வது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் புத்தி அவ்வளவுதான்.

அந்தக் காவல் அணுக்களை அடக்கி வைக்கிற மருந்தை அடுத்த சில வருடங்களில் செய்து முடித்தேன். எலிகள் பிழைத்தன. இனிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும், தம்பி சோதனைக்குத் தலைவரானான். தொடக்க விழா வைத்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புதுப்புடவை கட்டியிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தம்பி மேடையேறினான். நோய் ஏன் வருகிறது என்று தான் கண்டுபிடித்த கதையைச் சொன்னான். "வேலியே பயிரை மேய்கிறது" என்றான். சபை கைதட்டியது. பெரிய பெரிய டாக்டர்கள் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் என் பக்கம் கை காட்டினான். "எங்க அக்கா இங்க வந்திருக்காங்க. அவங்க இல்லேன்னா நான் இல்ல. எனக்குச் சோறு போட்டு வளர்த்தவங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்து எனக்கும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள்.

சோறு போட்டவளாம். ஏறின ஏணியை எட்டி உதைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், ஐயா. அவன் ஏணிக்கு மாலை போட்டு மூலையில் சாத்தினான். எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டேன்.

வீட்டில் கேட்டேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அக்கா, டாக்டர் கண்டுபிடிச்சதுன்னாத்தான் நாலு பேரு நம்புவான். உன்னுதுன்னா என்ன, என்னுதுன்னா என்ன? நமக்குள்ள என்னக்கா கணக்கு?" அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நமக்குள் கணக்கு இல்லைதான்.

இப்போது சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் உப்பு நீர். இரண்டும் ஒரே மாதிரி குப்பி, ஒரே நிறம். பெட்டிகளில் எண் மட்டும் இருக்கும்; எந்த எண் மருந்து, எந்த எண் உப்பு நீர் என்பதை ஒரு பட்டியலில் எழுதிப் பூட்டி வைத்துவிடுவார்கள். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்சுக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு சாயும். மனசு சாய்ந்தால் முடிவும் சாயும். ஆகவே எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டு, ஒரே ஒருவர் மட்டும் கண் திறந்து இருப்பார். அந்த ஒருவர் வெளியாளாக இருக்கட்டும் என்று சோதனையின் புள்ளிவிவரக் கணக்கு பார்க்கிறவர் சொன்னார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அக்காவவிட நம்பிக்கையான ஆளு இந்தக் கட்டடத்துல யாரு இருக்கா?" என்றான். எண் ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது.

குளிர் அறையில் உட்கார்ந்து நிதானமாக ஒட்டினேன். மருந்துக்கு வர வேண்டிய எண்களை உப்பு நீருக்கும், உப்பு நீருக்கு வர வேண்டியவற்றை மருந்துக்கும் ஒட்டினேன். நீங்கள் பேனாவை நிறுத்த வேண்டாம். யோசித்துப் பாருங்கள். எப்படியும் பாதிப் பேருக்கு உப்பு நீர்தான் போகப்போகிறது. அது எந்தப் பாதி என்பதை மட்டும்தான் நான் மாற்றினேன். என்னால் ஒரு உயிர்கூடக் கூடுதலாகப் போகவில்லை. முடிவில் பட்டியலைப் பிரிக்கும்போது மருந்து தோற்றதாகத் தெரியும், மேடையில் கைதட்டு வாங்கியவன் தலை குனிவான், அவ்வளவுதான். பிறகு ஆற அமர நானே உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

மழைக்காலம் வந்தது. வார்டில் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் பட்டாணிக்குக் காய்ச்சல் வந்தது.

பட்டாணி தம்பியின் மகள். உருண்டை முகம், ஓயாத வாய், அதனால் அந்தப் பேர். காய்ச்சல் விட்ட மறுநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்குச் சொல்லவே தேவையில்லை. காதை வைத்துக் கேட்டதும் தெரிந்துவிட்டது. செய்து வைத்திருந்த மருந்தெல்லாம் சோதனைப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது, வெளியே ஒரு சொட்டுக் கிடையாது. பிள்ளையைச் சோதனையில் சேர்த்தான். சேர்த்த கையோடு குளிர் அறை வாசலுக்கு வந்தான்.

"அக்கா, அடுத்த பெட்டி மருந்துதானா? வாயத் திறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டு."

"கண்ணக் கட்டினது நீதானேடா. ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

"உன் மடியில வளர்ந்த பிள்ளைக்கா."

"வார்டுல கிடக்குற பிள்ளைங்க எல்லாம் யாரு மடியிலயோ வளர்ந்ததுதான்."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மன்னிச்சுடுக்கா. நான் கேட்டிருக்கவே கூடாது" என்று போய்விட்டான். பெற்ற பிள்ளைக்காகக்கூட விதியை மீறாத அவனைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. வளர்ப்பு அப்படி.

பட்டியலின்படி அடுத்த பெட்டி மருந்து. நான் எண்ணை மாற்றி ஒட்டியதால் உள்ளே இருந்தது உப்பு நீர். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு பெட்டியை மட்டும் மாற்றி வைக்க அரை நிமிஷம் போதும். ஆனால் என் வீட்டுப் பிள்ளை என்பதற்காக மாற்றினால், மற்றப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? பெட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

ஊசி போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பட்டாணி நர்சிடம் பெருமையடித்துக்கொண்டாள். "இது எங்க அத்தை கண்டுபிடிச்ச மருந்து, தெரியுமா? அத்தை எலிக்கெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு."

நர்ஸ் சிரித்தாள். "அப்போ நீ எலியாடி?"

"நான் பட்டாணி" என்றாள்.

அந்த வீட்டில் என் மருந்தை என் மருந்து என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். தம்பி என் தோளில் சாய்ந்து அழுதான். "நீ செஞ்சதுதான்க்கா சரி. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றான். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

சோதனையைக் கண்காணிக்கிற வெளியாட்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மருந்து வாங்கிய பிள்ளைகள்தான் அதிகம் சாகிறார்கள் என்றார்கள். மிச்சம் இருந்ததையெல்லாம் தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். இந்த மழைக்காலத்திலும் வார்டு நிறைந்துதான் இருக்கிறது, பழைய மருந்தையே கொடுக்கிறார்கள்.

இப்போதும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நேற்று ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் தம்பி எழுந்தான். இளைத்துக் கருத்துப் போயிருக்கிறான். "இந்த மருந்து என்னுது இல்ல. எங்க அக்காவோடது. நோய் எதனால வருதுன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். பேருக்கு ஆசைப்பட்டு நான் மறைச்சேன். பொண்ணப் பறிகொடுத்தப்புறம் பொய் சொல்லத் தெம்பில்ல" என்றான். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கைதட்டவில்லை. பாவம் என்று பார்த்தார்கள், பிள்ளைகளைக் கொன்ற மருந்துக்காரி என்று பார்த்தார்கள். ஜெயித்தபோது என் பெயரை எடுத்துக்கொண்டான், தோற்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டான். கூடப் பிறந்தவன் செய்கிற காரியமா இது?

அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எண்களை மாற்றியது நான். பட்டியலில் மருந்து என்று இருக்கிற இடத்தில் உப்பு நீர், உப்பு நீர் என்று இருக்கிற இடத்தில் மருந்து என்று திருத்திக்கொண்டு பாருங்கள். மருந்து வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பட்டாணிக்கு அதில் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை, அவளைக் காட்டி என் மருந்தை யாரும் குறை சொல்ல முடியாது.

தம்பியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், ஐயா. அக்காவின் மருந்து நல்ல மருந்துதான் என்று தெரிந்தால் அவனுக்கும் மனசு ஆறும்.