பக்கங்கள் போய்ச் சேரும்வரை

மலையிறங்கும்போது முன்சீட்டில் உட்கார்ந்தால்தான் எனக்கு வாந்தி வராது. அன்றும் டிரைவர் ராசுவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பில் வேறு யாரும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா.

என் மகள் பெரியநாயகி கரியாலூரில் நர்சாக இருந்தவள். பாம்பு கடித்தால் என்ன செய்வது, மழைநாளில் எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவது என்றெல்லாம் மலைக்காரர்களுக்காக இணையத்தில் எழுதி வைத்தாள். போன வருஷம் காமாலையில் செத்துப்போனாள். இந்த வருஷம், அந்தப் பக்கங்களுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்காரனும் கடையை மூடிவிட்டான். எல்லாம் போயிற்று. எப்போதும் இருக்கும் என்று சொல்லித்தான் அவளை எழுத வைத்தான்.

சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மலர்விழி, "யாராவது போன்ல எறக்கி வச்சிருந்தா அனுப்பச் சொல்லுங்கய்யா, மறுபடி ஏத்திடலாம்" என்றாள். ஊர் ஊராகக் கேட்டேன். ராசு ஒருவனிடம்தான் இருந்தது.

மேலே டவர் இல்லை. பாதி இறக்கத்தில், ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி மலர்விழிக்கு அனுப்ப ஆரம்பித்தான்.

"எடம் பத்தலன்னு கல்யாண போட்டோவகூட அழிச்சேன் பெரியப்பா, உன் பொண்ணு எழுதுனத அழிக்கல. வூட்ல இன்னும் திட்டிக்கினு கீறா. இந்தா, புடி. போய்க்கினு இருக்குது. நடுவுல கால் கீல் போட்டுடாத, நெட்டு நின்னுடும்."

சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினான். கல்லைத் தூக்கும்போது கண்ணாடி விரியன் கையில் கொத்திவிட்டது.

வந்து படியில் உட்கார்ந்தான். "நூத்தியெட்டுக்குப் போடு பெரியப்பா."

"இரு, போய்க்கினு இருக்குது" என்றேன்.

"இன்னா, வெளையாடுறியா? குடு, நான் போடுறேன்."

போனை மடியில் வைத்து வேட்டியால் மூடிக்கொண்டேன். கடிபட்ட கை வீங்கிவிட்டது. மற்றக் கையால் பிடுங்கப் பார்த்தான். தட்டிவிட்டேன். சார்ஜ் சிவப்பில் இருந்தது. எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கோடு நகர்வதே தெரியவில்லை. நான் வேண்டாத சாமி இல்லை.

நாளைக்கு அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். நாளைக்கு என்று சொன்னவன் எவனையும் நான் நம்பியதில்லை. அவள் கையால் செய்தது வேறு எதுவும் எனக்கு மிச்சமில்லை. அவனுக்கு ஏதாவது வண்டி வரும் என்று நினைத்தேன்.

கோடு நிறைந்ததும் போன் அணைந்தது. வண்டி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வருவதற்குள் போய்விட்டான்.

போனைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். நான் கொடுக்கவில்லை.

பக்கங்கள் திரும்ப வந்துவிட்டன. மலர்விழி வாசித்துக் காட்டினாள். பாம்பு கடித்தவரைத் தனியாக விடக்கூடாது என்று என் மகள் எழுதியிருக்கிறாள். நான் விடவில்லை. கடைசிவரை அவன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.