எதிரெதிரா போட்ட பெஞ்சு

உள்ளயெல்லாம் வரவேணாம்மா, அங்கயே நின்னு கேளுங்க. கருத்துக் கேக்க வந்தீங்களாக்கும்! எல்லாத்தையும் கட்டி முடிச்சப்புறம்தான் எங்க நெனப்பு வந்துச்சா?

ஓ, நீங்கதான் டிசைன் பண்ணுனதா? நல்லதாப் போச்சு. இந்த ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல காரு நிறுத்திட்டிருந்தோம். வந்தோமா, கதவச் சாத்துனோமான்னு இருந்துச்சு. எதிர்ல யாரு குடியிருக்கான்னு யாருக்குத் தெரியும்? எதுக்குத் தெரியணும்? நீங்க வந்து காரையெல்லாம் பின்பக்கம் தள்ளிவிட்டு, மரத்த நட்டு, பெஞ்சப் போட்டு, லைட்டும் மாட்டிட்டீங்க.

சூடு கொறஞ்சிருக்கு, இல்லன்னு சொல்லல. புள்ளைங்க வெளையாடுதுங்க, காது கிழியுது, அதையும் பொறுத்துக்கிறேன். அந்த பெஞ்ச எதுக்கு எதிரெதிரா போட்டீங்க? வரிசையா போட்டிருந்தா அவங்கவங்க பாட்டுக்கு ரோட்டப் பாத்து உக்காந்திருப்பாங்கல்ல?

ஆங், மொகம் பாத்துப் பேசட்டும்னு. அதத்தான் நானும் சொல்றேன். பேசுனா கேப்பாங்க. கையில என்ன காயம்னு கேப்பாங்க.

யாரு கையிலயா? பொதுவாச் சொல்றேன்மா. குடும்பம்னா ஆயிரம் இருக்கும். அடிக்கிற கைதான் அணைக்கும்பாங்க. அதெல்லாம் பெஞ்சுல வச்சுப் பேசுற விஷயமா?

என் வீட்டுக்காரி வாயில்லாப் பூச்சி. அவ அம்மா வீட்டுக்கே நான் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. குப்ப கொட்டக் கீழ போனா, போன வேகத்துல திரும்பி வந்துருவா. பெஞ்சு வந்ததுலேந்து போனவ போனவதான். எதிர் பிளாக்கு நர்சம்மா, கீழ்வீட்டு டீச்சர், ஒரு தையக்காரின்னு ஒரு கூட்டம். ஒரு நாள் பால்கனியிலேந்து கூப்புடுறேன். அவ திரும்பிப் பாத்தா, ஆனா எந்திரிக்கல. அத்தன பேரும் அண்ணாந்து என்னையே பாக்குறாங்க. மூணாவது மாடியில நிக்கிறவன் நான். என்னமோ குழிக்குள்ள நிக்கிற மாதிரி ஆயிருச்சு.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மரம் இருக்கட்டும், பெஞ்ச எடுத்துருங்க. முடியாதுன்னா பின்னாடி காருங்களுக்கு நடுவுல கொண்டுபோய்ப் போடுங்க. நான் முன்வாசல் வழியா போய்வரணும்ல?

இல்லம்மா, வழியில ஒண்ணும் அடைப்பு இல்ல. அவ இப்ப நர்சம்மா வீட்டுலதான் இருக்கா. சாயங்காலமானா கீழ வந்து உக்காந்துக்கிறா. அவ இருக்கிற பக்கமே நான் போகக்கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க.

எழுதிக்கிட்டீங்களா? பெஞ்சப் பத்தி மட்டும் எழுதுனாப் போதும்.