அடிமணலுக்குள் போன உப்பு

ஆய்வாளர்: வந்துச்சா?

மீட்டர்காரர்: ம்ஹூம்...

ஆய்வாளர்: அடிமணலுக்குள்ள நட்டு வெச்ச கடைசிக் குழாய்லதானே பாத்தீங்க?

மீட்டர்காரர்: ஐயோ மேடம், முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு வேற என்ன பண்றேன்? மீனா பிடிக்கிறேன்?

ஆய்வாளர்: கோவம் மட்டும் மூக்கு மேல! ஓடையில உப்பைக் கரைச்சு விட்டு எத்தனை நாளாச்சு? மேலால போன உப்பு அன்னிக்கே போயாச்சு. அடிமணலுக்குள்ள இறங்கினதுதான் இன்னும் வந்து சேரல...

மீட்டர்காரர்: கல்லுக்கும் மணலுக்கும் நடுவுல பூந்து பூந்து வரணும்ல? அவசரப்பட்டா ஆகுமா?

ஆய்வாளர்: அவசரம் எனக்கில்ல, மீட்டரை வாடகைக்கு விட்ட உங்க கம்பெனிக்கு. அந்தக் குழாய்ல உப்பு தெரிஞ்சதும் மீட்டரையும் ஆளையும் திருப்பி அனுப்பணும்னு பேச்சு.

மீட்டர்காரர்: ஆளையுமா...

ஆய்வாளர்: பின்ன? உங்களை இங்கயே நட்டு வெச்சுக்கவா?

மீட்டர்காரர்: வெச்சா நல்லாத்தான் இருக்கும்...

ஆய்வாளர்: என்ன முணுமுணுப்பு?

மீட்டர்காரர்: ஒண்ணுமில்ல. தண்ணி சில்லுனு இருக்குன்னேன்.

ஆய்வாளர்: சரி, கரையேறுங்க. நான் ஒரு தடவை பாத்துடறேன்.

மீட்டர்காரர்: வேணாம், வேணாம்! பாசி... வழுக்கும்!

ஆய்வாளர்: ஓடையில விழுந்து விழுந்தே பட்டம் வாங்கினவ நான். தள்ளுங்க... அது ஏன் மீட்டரைக் கையால மூடுறீங்க?

மீட்டர்காரர்: வெயிலு... நம்பர் சரியாத் தெரியல.

ஆய்வாளர்: அதான் மூடி வெச்சுப் பாக்குறீங்களாக்கும்! எடுங்க கையை.

மீட்டர்காரர்: இந்தாங்க... எடுத்துட்டேன்.

ஆய்வாளர்: அடேங்கப்பா! நம்பர் எகிறிக் கிடக்கு. இதுக்குப் பேருதான் வரலையா?

மீட்டர்காரர்: மேடம்... பதிவானது எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. சத்தியமா ஒண்ணையும் அழிக்கல. உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல.

ஆய்வாளர்: ஏனாம்?

மீட்டர்காரர்: சொன்னா நான் கிளம்பணும்ல... போக மனசில்ல. உங்களை விட்டுட்டுப் போக மனசில்ல. போதுமா? இப்ப திட்டுங்க.

ஆய்வாளர்: திட்டறது இருக்கட்டும். எப்பலேருந்து மூடி வெச்சிருக்கீங்க?

மீட்டர்காரர்: நேத்து... மதியத்துலேருந்து.

ஆய்வாளர்: மதியமா? சரியான மக்கு! நேத்து காலைல நீங்க வர்றதுக்குள்ளயே நம்பர் ஏற ஆரம்பிச்சாச்சு. பாத்த கையோட உங்க கம்பெனிக்குப் போன் போட்டு, 'ஓடையோட கீழ்வளைவையும் அளக்கணும், ஆளை இப்ப விட முடியாது'ன்னு கறாராச் சொல்லிட்டேன். ஏன் முழிக்கிறீங்க? ஆமா... அங்க ஓடைக்கு அடியில மணலே கிடையாது, வெறும் பாறைதான், உப்பு எங்க இறங்கும், அளக்க என்ன இருக்கு!